302 என்று எழுதினால் வாசகன் புத்தகத்தை மூடிவிடுவானா?

முட்டம் அலை:
குற்றக் கதை எழுதிப் பிழைக்க நினைப்பவன் முதலில் ஆறு மாதம் நீதிமன்ற வராந்தாவில் உட்கார வேண்டும் என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அதிகாலையில் மீன் ஏலக் கணக்கு எழுதிவிட்டு வந்து, மீதி நேரத்தில் பதினொரு நாவல்களை முடித்தவன் நான். இந்தத் துறையில் நிலைத்தவர்கள் எல்லோரும் வேகத்தால் நிலைத்தவர்களே. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியது வராந்தாவில் உட்கார்ந்து அல்ல. என் கடைசி நாவலில் ஆய்வாளர் ஒரு கொலை வழக்குக்கு, "முந்நூற்று இரண்டு போடுங்கள்" என்கிறார். வாசகர் ஒருவர்கூட அதைக் குறையாகச் சொல்லவில்லை.

குழித்துறை குமாஸ்தா:
அதை எழுதியவன் நான்தான். வக்கீல் குமாஸ்தாவாக 31 ஆண்டுகள் வழக்குக் கட்டுகளைச் சுமந்தவன் என்ற உரிமையில் எழுதினேன், இப்போதும் அதையே சொல்கிறேன். தம்பி, உங்கள் நாவலின் ஏழாம் பக்கத்தில் 2025 ஆடி மாதம் என்று இருக்கிறது. கொலைக்கு 302ஆம் பிரிவில் தண்டனை சொன்ன இந்தியத் தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1ஆம் தேதியோடு விடைபெற்று, அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனை இப்போது 103ஆம் பிரிவு. புதிய சட்டத்தில் 302 என்பது, பிறர் மத உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு சொற்களைப் பேசுவது. ரப்பர் தோட்டத்தில் கழுத்தறுபட்டுக் கிடப்பவனைப் பார்த்து உங்கள் ஆய்வாளர் அந்தப் பிரிவையா போடச் சொல்கிறார்?

முட்டம் அலை:
அண்ணாச்சி, ஊரில் ஏமாற்றுப் பேர்வழியை இன்றைக்கும் நானூற்று இருபது என்றுதான் திட்டுகிறார்கள். எந்தத் தேநீர்க் கடையிலும் அதன் புதிய எண்ணைச் சொல்லி முந்நூற்றுப் பதினெட்டு என்று யாரும் திட்டி நான் கேட்டதில்லை. 302 என்பது எண் அல்ல, அது ஒரு சொல். கேட்டவுடன் முதுகு சில்லிடும். 103 என்றால் பேருந்துத் தடம் என்று நினைப்பார்கள்.

குழித்துறை குமாஸ்தா:
தேநீர்க் கடையில் பேசுகிறவன் சொல்லட்டும், நானும் அதைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் நாவலில் பேசுகிறவர் ஆய்வாளர். அவர் முதல் தகவல் அறிக்கையில் எழுத வேண்டிய எண் அது. அதோடு நிற்கவில்லை. பிண விசாரணைக்கு 174 என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194 ஆகிவிட்டது. அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் மருந்து வழங்கும் பிரிவில் வேலை பார்த்தவர். 1920இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் நஞ்சைக் கையாண்ட விதத்தை மருந்தாளுநர்களின் இதழே பாராட்டியது. அந்த வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது, தம்பி.

பால்வெட்டு வீட்டுப் பிள்ளை:
எண்ணை விடுங்கள். நான்காம் அத்தியாயத்தில் நண்பகலில் ஒருவர் ரப்பர் பால் வெட்டப் போய்ப் பிணத்தைப் பார்க்கிறார். என் அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விடியும் முன்பே முதல் மரத்தில் கத்தி வைப்பார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். கொலையாளியின் பொய்யே அந்த நேரத்தில்தான் நிற்கிறது என்னும்போது, குலசேகரத்திலிருந்து களியல் வரை உள்ள எந்த வாசகனும் அடுத்த பக்கம் புரட்ட மாட்டான். சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கிறதா, உறைந்து ஒட்டுப்பாலாகிவிட்டதா என்பதைப் பார்த்தே எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளை நேரத்தைச் சொல்லும். இவ்வளவு நல்ல தடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீணடித்திருக்கிறீர்கள்.

முட்டம் அலை:
நான் கடற்கரைக்காரன். ரப்பரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறவர்கள் கரையில் நின்று கரமடி வலை இழுப்பதைப் பற்றி ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதிக் காட்டட்டும்.

நாஞ்சில் வாசகி:
கடற்கரையையாவது சரியாக எழுதினீர்களா? தோவாளையில் பூக்கட்டும் அம்மாவும் தேங்காய்ப்பட்டணத்து வள்ளக்காரரும் ஒரே வாயால் 'மக்கா, மக்கா' என்று பேசுகிறார்கள். வள்ளக்காரரின் விளவங்கோட்டுப் பேச்சு வேறு, அந்த அம்மாவின் நாஞ்சில் பேச்சு வேறு என்பது குமரி மாவட்டத்தில் பிறந்த எழுத்தாளருக்குத் தெரியாமல் போகுமா?

முட்டம் அலை:
மூன்று பேரும் சேர்ந்து வந்திருக்கிறீர்கள், நடக்கட்டும். அண்ணாச்சி, 31 ஆண்டுகளில் நீங்கள் வெளியிட்டது ஒரே ஒரு புத்தகம். என்னுடையவை பதினொன்று. எழுத்தைத் தொழிலாகச் செய்வதைப் பற்றி யார் யாருக்குச் சொல்வது? மேலும், 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்று நானும் படித்திருக்கிறேன். என் நாவலின் கொலை அதற்கு முன்பே நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

குழித்துறை குமாஸ்தா:
நடந்ததாக நான் எப்படி வைத்துக்கொள்வது? ஏழாம் பக்கத்தில் உங்கள் கையாலேயே 2025 என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய குற்றத்துக்குப் பழைய சட்டம் என்பது சரிதான், ஆனால் முந்தின நாள் வெட்டுப்பட்டவனின் குற்றம் எப்படிப் பழையதாகும்?

என் ஒரே புத்தகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். பதிப்பாளர் ஒருவர் மொத்தமாக ஒரு தொகையைக் கையில் வைத்து, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார், நானும் போட்டேன். அந்தக் காயத்துக்குப் பிறகுதான் பதிப்புரிமைச் சட்டத்தை வரிவரியாகப் படித்தேன். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள்தான். எழுத்தாளரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையை கோனன் டாயில் 25 பவுண்டுக்கு முழு உரிமையோடு விற்றுவிட்டார். உங்கள் பதினொன்றில் எத்தனைக்கு ஒப்பந்தத் தாள் வைத்திருக்கிறீர்கள்? ஒரு பிரிவு எண்ணைப் படிக்கச் சோம்பல்படுகிறவர் ஒப்பந்தத்தை மட்டும் படித்திருப்பாரா என்ற கவலையில்தான் கேட்கிறேன்.

முட்டம் அலை:
என் ஒப்பந்தங்கள் என் பெட்டியில் இருக்கின்றன, அவற்றைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. பேச்சு 302ஐப் பற்றியது. அடுத்த நாவலிலும் 302 என்றே எழுதுவேன்.

நாஞ்சில் வாசகி:
அந்தப் பூக்கட்டும் அம்மாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

குழித்துறை குமாஸ்தா:
எழுதுங்கள். அந்தப் புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்கி, ஏழாம் பக்கத்தில் என்ன ஆண்டு போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுகிறேன். 2024 ஜூலை 1க்குப் பிறகு என்றால் 103, தம்பி.