‘இன்ஸ்டால்மென்ட் பையிங்’: ‘தவணையெடுப்பு’ என்னும் சொல்லை முன்வைத்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஜாஸ் காலம் என்று அழைக்கப்படும் 1920களின் அமெரிக்கப் பொருளியல் வரலாற்றை மொழிபெயர்த்துவரும் அம்மையார், ‘இன்ஸ்டால்மென்ட் பையிங்’ என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை ஆளலாம் என்று கேட்டிருந்தார்கள். ‘தவணைமுறைக் கொள்முதல்’, ‘வாடகைக் கொள்முதல்’, ‘கடன் கொள்முதல்’ என மூன்று விடைகள் வந்துள்ளன. மூன்றும் பாடநூல்களில் புழங்குபவைதாம். ஆனால் அந்தப் பத்தாண்டில் அமெரிக்க வீடுகளுக்குள் கார் வந்த வழியை அவற்றுள் எதுவும் சரியாகச் சுட்டவில்லை என்பது என் உறுதியான கருத்து. காரணங்களைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். தவணை வணிகம் 1920களில் பிறந்ததன்று. சிங்கர் நிறுவனம் 1856 முதலே தையல் இயந்திரங்களை மாதப் பணத்துக்குக் கொடுத்துவந்தது; பியானோவும் வீட்டுச் சாமான்களும் அதே வழியில் விற்பனையாயின. ஆயினும் முதல் உலகப்போர் முடியும்வரை, அப்படி வாங்குவது ஏழைகளும் புதிதாகக் குடியேறியவர்களும் செய்யும் காரியம் என்றே நடுத்தர வகுப்பார் எண்ணினர். அந்த எண்ணத்தை மாற்றியது கார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஜான் ராஸ்கோப் முன்னின்று முயன்றதன் பேரில், 1919இல் தனக்கென ஒரு நிதி நிறுவனத்தையே தொடங்கியது. தொழிற்சாலை ஆண்டு முழுவதும் ஓடியாக வேண்டும். விற்பனையோ வசந்தத்திலும் கோடையிலும்தான் சூடுபிடிக்கும். இடைப்பட்ட மாதங்களில் வண்டிகளை வாங்கி இருப்பில் வைக்க விற்பனையாளரிடம் பணம் இல்லை. வாங்க வருபவரிடமும் முழு விலை ஒரே நேரத்தில் இருப்பதில்லை. இந்த இரண்டு முடைகளையும் அந்த நிதி நிறுவனம் ஒருசேரத் தீர்த்தது. விலையில் மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்து வண்டியை ஓட்டிச் செல்வதும், எஞ்சியதைக் கட்டணங்களோடு சேர்த்துப் பன்னிரண்டு மாதங்களில் அடைப்பதும் புதுக் காருக்கான வழக்கமான ஏற்பாடாயின. பத்தாண்டின் நடுப்பகுதியில் விற்ற கார்களில் மூன்றில் இரண்டுக்கும் நான்கில் மூன்றுக்கும் இடைப்பட்ட பங்கு இவ்வாறே விற்றது. 1920இல் ஏறத்தாழ 80 லட்சமாக இருந்த பயணிக் கார்களின் எண்ணிக்கை 1929இல் 2 கோடியே 30 லட்சமாக உயர்ந்தது. சலவை இயந்திரமும் கிராமபோனும் வானொலியும் காரைத் தொடர்ந்து அதே வாசல் வழியாக உள்ளே வந்தன.

சொல்லாக்கத்துக்கான முதல் சிக்கலை ஹென்றி ஃபோர்டு எழுப்புகிறார். கடனில் பொருள் வாங்குவதை அவர் கொள்கையளவில் வெறுத்தவர். போட்டியைச் சமாளிக்க 1923இல் அவர் அறிவித்த திட்டத்தில், வாங்க விரும்புபவர் வாரம் 5 டாலராகக் கட்டி வரவேண்டும். அந்தப் பணம் உள்ளூர் வங்கியில் வட்டியோடு சேரும். முழு விலையும் சேர்ந்த பிறகே வண்டி கிடைக்கும். நகைச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் கட்டிப் பழகிய நம் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் அமெரிக்கர்கள் காத்திருக்க விரும்பவில்லை; பக்கத்துக் கடையில் ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே வண்டி இன்றே கிடைத்தது. ஃபோர்டின் திட்டம் எதிர்பார்த்தபடி பலிக்கவில்லை. ஒன்றரைக் கோடி வண்டிகள் கண்ட அவருடைய மாடல் டி கார் 1927இல் நிறுத்தப்பட்டது. மறுஆண்டே அவர் நிறுவனமும் கடன் தரும் துணை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. மாடல் டி வீழ்ந்ததற்குத் தவணை ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. எதிரணி வண்டிகளின் நிறங்களும் ஆண்டுக்காண்டு மாறிய வடிவங்களும் பெரும்பங்கு வகித்தன. நான் சொல்ல வருவது இதுதான்: ‘தவணைமுறைக் கொள்முதல்’ என்று எழுதினால் ஃபோர்டின் வார வசூலும் ஜெனரல் மோட்டார்ஸின் மாத வசூலும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். பொருளை முதலில் கொடுத்துப் பணத்தைப் பின்னர் வாங்கிய ஏற்பாடு வென்றது. பணத்தை முதலில் வாங்கிப் பொருளைப் பின்னர் கொடுக்க முயன்றது தோற்றது. அந்தப் பத்தாண்டின் பண்பாட்டு மாற்றமே இவ்விரண்டுக்கும் இடையில் இருக்க, நம் சொல் அதைக் கரைத்துவிடக் கூடாது.

இரண்டாவது சிக்கல் சட்டம் சார்ந்தது. நம் வணிகவியல் பாடநூல்களின்படி, தவணைமுறையில் பொருளின் உரிமை ஒப்பந்தம் கையெழுத்தானவுடன் வாங்குபவருக்குச் சேர்ந்துவிடும். வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டிய பின்னரே சேரும். அமெரிக்காவில் பெரிதும் வழங்கிய ‘கண்டிஷனல் சேல்’ ஒப்பந்தத்தில் கடைசி டாலர் கட்டும்வரை உரிமை விற்பவரிடம், அதாவது ஒப்பந்தத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட நிதி நிறுவனத்திடம், இருந்தது. ஆகவே நம் பாடநூல் இலக்கணப்படி அதைத் ‘தவணைமுறை’ என்பது நேர்மாறான பொருளைத் தரும். அப்படியானால் ‘வாடகைக் கொள்முதல்’ பொருந்துமே என்று வாதிட இடமுண்டு. அதுவும் பொருந்தாது. வாடகைக் கொள்முதல் இங்கிலாந்துச் சட்டத்தின் படைப்பு. ஒரு பியானோவைப் பற்றிய வழக்கில் 1895இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை உறுதிசெய்தபடி, அதில் பொருளை எடுத்தவர் வெறும் வாடகைதாரர். வேண்டாமென்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அமெரிக்க ஒப்பந்தத்தில் வாங்குபவருக்கு அந்த வழி இல்லை. முழு விலைக்கும் அவர் கட்டுப்பட்டவர். வாடகை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இலங்கை நண்பர்கள் ‘கொள்முதல்’ என்பதற்கு மாறாகக் ‘கொள்வனவு’ என்று எழுதுவார்கள். இரண்டில் எதை ஏற்றாலும் இச்சிக்கல் தீராது.

‘கடன் கொள்முதல்’ பற்றி ஒரு செய்தி மட்டும். கணக்குப்பதிவியலில் அச்சொல் ஏற்கெனவே ரொக்கமல்லாத கொள்முதல் அனைத்தையும் குறிக்கிறது. மளிகைக்கடைப் பற்றுக் கணக்கும் அதில் அடங்கும். அமெரிக்க வரலாற்றில் பற்றுக் கணக்கையும் தவணையையும் கலப்பது பெரும்பிழையாகும். 1918–19 காலத்துக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை ஆராய்ந்த பொருளியல் வரலாற்றறிஞர் மார்த்தா ஓல்னி, கறுப்பினக் குடும்பங்கள் வெள்ளையரைவிடத் தவணையை மிகுதியாகவும், கடைப் பற்றைக் குறைவாகவும் பயன்படுத்தியதைக் காட்டியுள்ளார். பற்றுக்குக் கடைக்காரரின் நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை நிறத்தைப் பார்த்தே வழங்கப்பட்டது. தவணையிலோ பொருளே ஈடாக நின்றது. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் இந்த வேறுபாடு தமிழ் வாசகர் கண்ணில் படாமலே போகும்.

இனி என் பரிந்துரை. பேச்சுவழக்கில் நாம் ‘வண்டியைத் தவணைக்கு எடுத்தேன்’ என்கிறோம். இப்போது ‘டியூவுக்கு எடுத்தேன்’ என்பதும் கேட்கிறது. இரண்டிலும் வினை ‘எடுத்தல்’தான். ‘வாங்குதல்’ உரிமை கைமாறியதைச் சொல்கிறது. ‘எடுத்தல்’ பொருள் கைக்கு வந்ததைச் சொல்கிறது. உரிமை பின்னால் வரும் ஏற்பாட்டுக்கு மக்களே பொருத்தமான வினையைத் தேர்ந்திருக்கிறார்கள். ‘தவணை’ என்பதன் அடிப்படைப் பொருளும் குறித்த காலம் என்பதே. ‘மூன்று மாதத் தவணை கொடுங்கள்’ என்று கேட்கிறோம். இலங்கையில் பள்ளியாண்டின் பிரிவுகளையே முதலாம் தவணை, இரண்டாம் தவணை என்கிறார்கள். அமெரிக்கர்களும் அன்றாடப் பேச்சில் இவ்வழக்கத்தை ‘பையிங் ஆன் டைம்’, அதாவது காலத்தின்மேல் வாங்குதல், என்றே குறித்தனர். எனவே ‘தவணைக்கு எடுத்தல்’ என்ற வழக்கிலிருந்து ‘தவணையெடுப்பு’ என்னும் பெயரை அமைக்கலாம். ஃபோர்டின் 1923ஆம் ஆண்டுத் திட்டத்தைச் ‘சீட்டுக் கொள்முதல்’ எனலாம். அங்கே பொருள் வரும்போது உரிமையும் உடன்வருவதால் ‘கொள்முதல்’ அதற்கு முழுவதும் தகும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் குழுமத்தில் முன்கூட்டியே எழுந்துள்ளன.

> பாடநூல்களில் நிலைபெற்ற ‘தவணைமுறை’ இருக்கும்போது, மாணவர்களைக் குழப்பும் புதுச்சொல் எதற்கு?

ஐயா, நிலைபெற்ற சொல்லை மாற்றுவதில் எனக்கும் தயக்கம் உண்டு. கணக்குப்பதிவியலில் ‘தவணைமுறை’ அப்படியே இருக்கட்டும். அங்கே அதற்கு வரையறுத்த பொருள் உள்ளது. அந்த வரையறையே வரலாற்று நூலில் அதை ஆள்வதற்குத் தடையாகிறது. வணிகவியல் கற்ற ஒரு மாணவி இந்த நூலைப் படித்தால், அமெரிக்கக் குடும்பங்கள் காருக்கு முதல் நாளே உரிமையாளர் ஆகிவிட்டன என்றுதான் புரிந்துகொள்வாள்.

> பங்குச்சந்தையில் ‘மார்ஜின்’ (விலையில் ஒரு பகுதி மட்டும்) கொடுத்து, மீதியைத் தரகரிடம் கடனாகப் பெற்றுப் பங்கு வாங்கியதும் இதே பழக்கந்தானே? இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா?

சிறு தொகை கட்டிப் பெரிய பொருளைப் பெறும் துணிவு இரண்டிலும் உண்டு என்பது உண்மை. 1929 இலையுதிர்காலத்தில் தரகர்கள் வழியே இவ்வாறு நின்ற கடன் 800 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஆனால் பங்கின் விலை இறங்கினால் தரகர் அன்றே கூடுதல் பணம் கேட்பார். கிடைக்காவிட்டால் பங்கை விற்றுவிடுவார். காரின் சந்தை விலை இறங்கியதற்காக எவரும் கதவைத் தட்டவில்லை. மாதப் பணம் நின்றால்தான் தட்டினார்கள். இயக்கம் வேறாகையால் சொல்லும் வேறாக வேண்டும். மார்ஜினுக்கான சொல்லைத் தனி இழையில் பேசலாம்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது ‘ரீபொசெஷன்’ என்பதற்கான சொல்லை. அம்மையாரின் வரைவில் ‘பறிமுதல்’ என்று உள்ளது. பறிமுதல் அரசின் செயல். ஜப்தி நீதிமன்றத்தின் செயல். இங்கே பொருளின் உரிமையாளராகவே இருந்துவரும் தனியார் நிறுவனம் தன் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் வண்டிக்கடன் கட்டாதவர்களிடம் நடப்பதை மக்கள் ‘சீஸ் பண்ணிட்டாங்க’, ‘வண்டியைத் தூக்கிட்டாங்க’ என்கிறார்கள். ‘மீட்பு’ என்றால் நற்செயல் போல ஒலிக்கிறது. எனவே ‘தவணையெடுப்பு’க்கு இணையாக ‘மீளெடுப்பு’ என்று ஆளலாம் என்பது என் கருத்து.

இந்த இணை வெறும் ஓசைநயத்துக்காக அன்று. 1920களின் ஒப்பந்தங்களில் ஒருவர் பத்து மாதம் ஒழுங்காகக் கட்டிப் பதினோராம் மாதம் தவறினால், நடைமுறையில் வண்டியும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும். பங்குச்சந்தை வீழ்ந்த 1929 அக்டோபருக்குப் பின் வருமானம் பற்றிய அச்சம் பரவியபோது, மீளெடுப்புக்கு அஞ்சிய குடும்பங்கள் தவணையை விடாமல் கட்டின. அதற்காக மற்ற எல்லாச் செலவுகளையும் சுருக்கின. 1930இல் நுகர்வு அத்தனை வேகமாகச் சரிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று ஓல்னி வாதிடுகிறார். நான் அந்த வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். துணிக்கடையும் செருப்புக்கடையும் வெறிச்சோடியபோதும் காருக்கான மாதப் பணம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. உரிமை யாரிடம் இருந்தது என்று முதலிலேயே சொல்லாத மொழிபெயர்ப்பில் அந்த அச்சத்தின் காரணம் வாசகருக்கு எட்டாது.

மற்றச் சொற்களில் அதிகம் பேச ஒன்றுமில்லை. ‘டவுன் பேமென்ட்’ முன்பணமாகவே இருக்கலாம். ‘கண்டிஷனல் சேல்’ என்பதை ‘நிபந்தனை விற்பனை’ என்பதைவிட ‘உரிமை நிறுத்திய விற்பனை’ என்பது தெளிவு. ‘கன்ஸ்யூமர் கிரெடிட்’ என்பதற்கு ‘நுகர்வோர் கடன்’ வேரூன்றிவிட்டது. ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மன், ஜெனரல் மோட்டார்ஸின் ஆதரவில் 1927இல் வெளியிட்ட ஆய்வு பேசப்படும் இடத்தில் மட்டும் ‘நுகர்வுக் கடன்’ என்று வேறுபடுத்துவது நல்லது. உற்பத்திக்கு வாங்கும் கடன் முறையானது, நுகர்வுக்கு வாங்குவது வீண் என்ற பழைய பிரிவினையைத்தான் அவர் எதிர்த்தார். அங்கே பேச்சு கடனின் பயனைப் பற்றியது, வாங்குபவரைப் பற்றியதன்று.

‘உரிமை நிறுத்திய’ என்னும் தொடரில் எனக்கே ஓர் ஐயம் மிஞ்சுகிறது. ‘நிறுத்துதல்’ என்பதை ‘ஒழித்தல்’ என்று எவரேனும் கொள்ளக்கூடும். ‘உரிமை பிடித்த விற்பனை’ அதைத் தவிர்க்கும். ஆனால் சம்பளப் பிடித்தத்தின் சாயல் வந்துவிடுகிறது. குழுமத்திலுள்ள வழக்கறிஞர்கள் பத்திரங்களில் இதற்கு எந்தத் தொடரை எழுதுகிறார்கள் என்று தெரிவித்தால், அம்மையார் அந்த அதிகாரத்தை அச்சுக்கு அனுப்புமுன் முடிவு செய்துவிடலாம்.

அன்புடன்.