15 வயசு ஸ்விஃப்ட்டுக்கு எஃப்.சி. காட்டுறதா, ஆபீஸ் லீஸ்ல புதுக் கார் எடுக்குறதா?

வேளச்சேரி வாசி (2025 நவம்பர் 8):

என் கார் 2010 டிசம்பர்ல பதிவான ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கு. அடுத்த மாசத்தோட 15 வருஷம் முடியுது. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி.யை (பதிவுச் சான்று) புதுப்பிச்சா இன்னும் 5 வருஷம் ஓட்டலாம். சரியா இந்த நேரம் பார்த்து ஆபீஸ்ல கார் லீஸ் திட்டம்னு ஒரு மெயில். ஆன்ரோடு 9.4 லட்சம் வர்ற கார், 48 மாசம், மாசம் 24,500 சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அதுக்குள்ளயே. கடைசில 1.9 லட்சம் கட்டினா கார் என் பேருக்கு மாறும்.

டைரியைப் புரட்டிப் பார்த்தேன். 2023லேர்ந்து மூணு வருஷத்துல ஆனது: ஆயில் சர்வீஸ் மூணு தடவைக்கு 13,500, நாலு டயர் 18,400, கிளட்ச் செட் கூலியோட 11,200, ஏசி கம்ப்ரஸரும் கண்டன்சரும் 24,600, பேட்டரி 5,300, முன்பக்க சஸ்பென்ஷன் 19,800, இன்சூரன்ஸ் 16,500. கூட்டினா 1,09,300. பெட்ரோல் இதுல இல்ல.

இப்ப எஃப்.சி.க்கு டிங்கரிங், பெயிண்டிங்னு 35,000 கேக்குறார் மெக்கானிக். புதுப்பிக்கிற கட்டணம் 5,000, கிரீன் டாக்ஸ் தனி. நான் ஓட்டறது வருஷத்துக்கு 7,000 கி.மீ. வந்தா பெரிசு. வீட்ல "இந்த டப்பாவுக்கு இன்னும் எவ்வளவு அழுவீங்க"ன்னு ஒரே பாட்டு. என்ன பண்ணலாம்?

கணக்கர்:

ஒரு லட்ச ரூபாய்கூடப் போகாத காருக்கு எஃப்.சி. செலவே 40,000க்கு மேல. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதுல யோசிக்க என்ன இருக்கு?

லீஸ் வாடகை வரிக்கு முன்னாடியே சம்பளத்துல கழியும். புது வரி முறையிலயும் இது செல்லும், அதுதான் விசேஷம். ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் ஓடுற கார், 1.6 லிட்டருக்குள்ள இன்ஜின், செலவு கம்பெனி கணக்குல போகுதுன்னா, 2025-26 விதிப்படி மாசம் 1,800 ரூபாய்தான் கார் சலுகைன்னு உங்க வருமானத்துல சேர்ப்பாங்க. நீங்க 20% அடுக்குல இருக்கீங்கன்னு வச்சுக்கறேன். வருஷ வாடகை 2,94,000. வரி மிச்சம் செஸ்ஸோட சேர்த்து ஏறக்குறைய 56,600. கையிலேர்ந்து போறது 2,37,400. மாசத்துக்கு 20,000 கூட இல்ல.

பழைய இரும்பு:

ஏனுங்க கணக்கரே, அதையும் 7,000 கிலோமீட்டருக்கு வகுத்துப் பாருங்க. கிலோமீட்டருக்கு 34 ரூபாய் வருதுங்க. அவரு ஸ்விஃப்ட்டுக்கு வருஷம் 36,400, கிலோமீட்டருக்கு அஞ்சே கால் ரூபாய். வரி மிச்சம், வரி மிச்சம்னு சொல்லி மனுசன ரெண்டு லட்சம் செலவு பண்ண வைக்கறது நல்ல வித்தைதானுங்க. 56,000 மிச்சம் புடிக்க 2,94,000 செலவு பண்ணோணுமா?

அப்புறம் இன்னொண்ணு. அவரு எழுதுன பட்டியல நல்லாப் பாருங்க. கிளட்ச், கம்ப்ரஸர், சஸ்பென்ஷன், டயர். இதெல்லாம் வருசா வருசம் வர்ற செலவு இல்லீங்க. மாத்தியாச்சு, இனி நாலஞ்சு வருசத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதில்ல. காசு போட்டு எல்லாத்தையும் புதுசாக்கி வெச்சுட்டு, பலன் வர்ற நேரத்துல வண்டியத் தள்ளிவிடச் சொல்றீங்க. தோண்டி முடிச்ச கெணத்த அடுத்தவனுக்குக் குடுத்த கதைதான்.

கணக்கர்:

கிணறு கதை சரி. அந்தக் கிணத்துல அடுத்து என்ன விழும்னு உங்களுக்குத் தெரியுமா? ரேடியேட்டர், ஸ்டியரிங் ரேக், ஆல்டர்னேட்டர், பின் சஸ்பென்ஷன், இன்ஜின் மவுண்ட்டுன்னு பட்டியல் காத்துக்கிட்டிருக்கு. 15 வயசு காருக்கு வருஷம் 36,000 போதும்னு நம்பாதீங்க, 60,000 வைங்க.

பெட்ரோலையும் சேருங்க. பங்க்ல இப்ப கிடைக்கிறது இ20, அதாவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி அதுக்காகச் செஞ்சது இல்ல. இ10க்கு டியூன் பண்ணின கார்ல 6லேர்ந்து 7% வரை மைலேஜ் குறையும்னு 2021லயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லிடுச்சு.

"கிலோமீட்டருக்கு 34 ரூபாய்"ன்னீங்க. அது பாதிக் கணக்கு. நாலு வருஷம் கழிச்சு 1.9 லட்சம் கட்டி எடுக்குற கார் வெளியில 5 லட்சம் போகும். நாலு வருஷத்துல கையிலேர்ந்து போனது 9.5 லட்சம், கூட 1.9, ஆக 11.4 லட்சம். அதுல 5 லட்சத்தைக் கழிச்சா 6.4 லட்சம். பழைய காருக்கு நாலு வருஷத்துக்கு 2.4 லட்சம். வித்தியாசம் 4 லட்சம், மாசத்துக்கு 8,300 ரூபாய். கேள்வியே இதுதான். 8,300க்கு உங்களுக்கு ஏர்பேக், ஏபிஎஸ், வாரண்டி, நடுரோட்ல நிக்காத வண்டி வேணுமா, வேணாமா?

பழைய இரும்பு:

இ20க்கு நானே கணக்குப் போட்டுடறேனுங்க. 7,000 கி.மீ., லிட்டருக்கு 14. வருசத்துக்கு 500 லிட்டர். அதுல 7%னா 35 லிட்டர், 3,500 ரூபாய். ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் காலா காலத்துல பாத்து மாத்திக்கிட்டாப் போதும். இதுக்குப் போயி மாசம் 20,000 கட்டச் சொல்றது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தற மாதிரி.

5 லட்சம் போகும்னு யாருங்க எழுதிக் குடுத்தாங்க? செப்டம்பர் 22ந்தேதி சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆச்சு. மறுநாளே செகண்ட் ஹேண்ட் விலையும் எறங்கிப்போச்சு. ஆகஸ்ட்ல போட்ட கணக்கு அக்டோபர்ல செல்லாம போச்சுங்களே.

ஏர்பேக் விசயத்துல மட்டும் நான் வாயத் தொறக்கல.

யாழ் வாசகன்:

குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். இஞ்ச இலங்கையில "லீசிங்" எண்டா வேற விசயம். மாசாமாசம் கட்டி முடிச்சால் வாகனம் எங்கட பேருக்கு வந்திடும். நீங்கள் "லோன்" எண்டு சொல்லுறதைத்தான் நாங்கள் லீசிங் எண்டுறம். அதால முதல் பந்தி வாசிக்கேக்க ஒண்டும் விளங்கேல்லை.

மற்றது, கார் பழசானா விலை குறையும் எண்டு எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுறியள். 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை. தனியார் கார் திரும்பவும் இறங்கத் தொடங்கினது 2025 மாசியிலதான். அந்த அஞ்சு வருசமும் பழைய கார் வைச்சிருந்தவன்தான் ராசா. வாங்கின விலையைவிடக் கூடவிலைக்கு வித்த ஆக்களை எனக்கே தெரியும். அதுக்கு முந்தி, தொண்ணூறுகளில பெற்றோல் தடை இருக்கேக்க, ஒஸ்ரின் ஏ40 கார்கள் மண்ணெண்ணையில ஓடினதுகள். பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணைக்கு மாத்திறது. புகை சொல்லி வேலையில்லை. புதுக் காரிலை அப்பிடிச் செய்து பாருங்கோ பாப்பம்.

கணக்கர்:

யாழ் ஐயா, அருமை. ஆனா வேளச்சேரிக்காரர் மண்ணெண்ணெய் ஊத்திக்கிட்டு ஓஎம்ஆர்ல போக முடியாது :)

பள்ளிக்கரணை அக்கா:

கணக்கர் தம்பி போட்ட கணக்குல ஒரு பெரிய ஓட்டை. 48 மாசம் அதே ஆபீஸ்ல இருப்போம்னு யார் சொன்னது?

நான் இதே மாதிரி லீஸ் எடுத்தேன். பதினாலாவது மாசம் எங்க டீமையே கலைச்சுட்டாங்க. கடைசி வேலை நாளைக்கு முன்னாடி ஒரு மெயில்: காரைத் திருப்பிக் குடுத்து முன்கூட்டி முடிக்கிற கட்டணம் கட்டுங்க, இல்லேன்னா மிச்சத் தொகை மொத்தத்தையும் கட்டி எடுத்துக்குங்க. எடுத்துக்கறதுன்னா ஆறே முக்கால் லட்சம், ஒரே செக்கா. சம்பளம் நின்ன மாசத்துல. நகையை வச்சுக் கட்டினேன். வேற ஆபீஸ்ல சேர்ந்தா லீஸை அங்க மாத்திக்கலாம்னு ஒப்பந்தத்துல இருந்தது உண்மைதான். ஆனா புது ஆபீஸும் அதே லீஸ் கம்பெனியோட ஒப்பந்தம் வச்சிருக்கணும். வைக்கல.

இன்னும் ரெண்டு விஷயம் யாரும் சொல்லல. ஆர்.சி. லீஸ் கம்பெனி பேர்ல. கார் முழுசாப் போச்சுன்னா இன்சூரன்ஸ் பணம் அவங்களுக்குத்தான் போகும். சொந்தக் கார்ல வருஷா வருஷம் சேர்ற நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாததுக்குப் பிரீமியத்துல தர்ற தள்ளுபடி), 50% வரை போகும், அதை அடுத்த காருக்குக் கொண்டு போகலாம். லீஸ்ல பாலிசி நம்ம பேர்ல இல்ல, அதனால அதுவும் நமக்குச் சேராது.

வரி மிச்சமும் எல்லாருக்கும் இல்ல. புது முறைல 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே கிடையாது. அந்த வட்டத்துல இருக்கற பசங்க "லீஸ் எடுத்தா டாக்ஸ் சேவிங்"னு மயங்கி எடுக்கறதைப் பார்த்தா வயிறு எரியுது.

கணக்கர்:

அக்கா சொன்ன வேலை விஷயம் நியாயம். அதை நான் கணக்குல எடுக்கல, ஒத்துக்கறேன். வேலை போனா மூணு மாச வாடகையைக் காப்பீடா ஏத்துக்கிற லீஸ் சிலது இருக்கு, ஒப்பந்தத்தை வரி வரியாப் படிக்கணும். ஆனா பாதுகாப்புக்கு யாரும் பதில் சொல்லலையே. 2010 விஎக்ஸ்ஐல ஏர்பேக் கிடையாது. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் ஏபிஎஸ் கட்டாயம், 2022லேர்ந்து முன்னாடி ரெண்டு ஏர்பேக் கட்டாயம். அந்த 8,300ல இதுக்கு எவ்வளவு போடுவீங்க?

பள்ளிக்கரணை அக்கா:

அதுக்கு எதுக்கு லீஸ்? 2022ல வந்த கார் செகண்ட் ஹேண்ட்ல பார்க்கலாமே. ரெண்டு ஏர்பேக்கும் இருக்கும், முதல் மூணு வருஷ விலை வீழ்ச்சி வேற ஒருத்தர் தலைல விழுந்திருக்கும். கேள்வியைப் "பழசா, லீஸா"ன்னு வச்சதே தப்பு.

வேளச்சேரி வாசி:

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்குக் காலைல ஷெட்ல லிஃப்ட்ல ஏத்திப் பார்த்தோம். இடது பக்க ரன்னிங் போர்டுக்கு அடியில மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால லேசாத் தட்டினார். டக் டக்னு கேட்டுக்கிட்டே வந்த சத்தம் ஒரு இடத்துல மட்டும் மொத்துன்னு கேட்டுது. அழுத்தினார். ஸ்க்ரூ டிரைவர் பாதி உள்ள போயிடுச்சு. செம்மண் மாதிரி பொலபொலன்னு கொட்டுது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல கதவு விளிம்பு வரைக்கும் தண்ணி நின்னுது, அப்ப கார்ப்பெட்டை மட்டும் காயவச்சு விட்டேன். அதோட வினை. தகரம் வெட்டி வெல்டிங் வைக்கணும், மொத்தம் 52,000ன்னார்.

இதுல ஒரு வேடிக்கை. 2024 அக்டோபர் மழை எச்சரிக்கைக்கு வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நிறுத்தினாங்களே, நானும்தான் நிறுத்தினேன். எனக்கு முன்னாடி நின்னது நம்பர் பிளேட்ல பூ காயாத புதுக் கார். அந்த ஆள் ராத்திரி ரெண்டு மணிக்கும் வந்து பார்த்துட்டுப் போனார். நான் தூங்கினேன். எந்தக் கணக்குலயும் அதை எழுத முடியல.

ஆபீஸ் நிலவரம் சரியில்ல, அதனால லீஸ் வேண்டாம்னு முடிவு. அக்கா சொன்ன 2022 மாடல் ரெண்டு பார்த்து வச்சிருக்கேன். பொண்ணு முன் சீட்ல உக்கார ஆரம்பிச்சிருக்கா.

பழைய இரும்பு:

ரன்னிங் போர்டு துருவுக்கெல்லாம் 52,000 குடுக்காதீங்க. புதுப்பேட்டைல பழைய வண்டிலேர்ந்து வெட்டுன துண்டு கெடைக்கும், வாங்கிட்டுப் போயி வெல்டிங் வைக்கச் சொல்லுங்க. 30,000ல முடிஞ்சுரும்.

அது சரி, வேற கார் வாங்கிட்டா ஸ்விஃப்ட்ட என்ன பண்ணப் போறீங்க? இன்ஜின் புகை அடிக்காம இருந்தா எனக்குச் சொல்லுங்க. கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்து ஓட்டிட்டுப் போறேன்.

வேளச்சேரி வாசி:

இன்ஜின் ஜம்முனு இருக்கு. ஆனா டிசம்பரோட ஆர்.சி. முடிஞ்சிட்டா எஃப்.சி. காட்டாம உங்க பேருக்கு மாத்த முடியாதே. தள்ளிப் போட்டா மாசம் 500 அபராதம் வேற.

பழைய இரும்பு:

அதத்தான முதல்லேர்ந்து சொல்றேன். காட்டுங்க.