மறு: மறு: ‘பேலியேட்டிவ் கேர்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கோலாலம்பூர், மொழிபெயர்ப்பாளர்:

அன்பர்களுக்கு வணக்கம். அறுவை மருத்துவம் பயில்வோருக்கான பட்டறைக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். நோயாளியாகவும் மகளாகவும் இருவர் தமிழில் நடிப்பார்கள்; பயிற்சி மருத்துவர் கெட்ட செய்தியைச் சொல்லிப் பழக வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய வரைவில் ‘பேலியேட்டிவ் கேர்’ என்பதற்கு ‘அந்திமக்காலப் பராமரிப்பு’ என்றிருக்கிறது. கேட்டதுமே வீட்டார் “டாக்டர் கையை விரிச்சிட்டாரு” என்று முடிவு கட்டிவிடுவார்கள். வலியையும் மூச்சுத்திணறலையும் அடக்கும் இந்தக் கவனிப்பை, குணமாக்கும் சிகிச்சையோடு சேர்த்தே தொடங்கலாமே!

பினாங்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அந்திமம் வடசொல், விட்டுவிடுங்கள் அம்மா. 950ஆம் குறள் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைச் சொல்கிறது: உற்றவன் (நோயாளி), தீர்ப்பான் (மருத்துவர்), மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நன்னூல் அதை ஏழாம் வேற்றுமை உருபுகளிலும் சேர்க்கிறது. உழைச்செல்வான், நோயாளியின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவன். ஆகவே ‘உழைப்பேணல்’. தீர்ப்பானும் சில நேரம் உழைச்செல்வானாக வேண்டும். பயிற்சியின் சாரமே அதுதானே?

கோலாலம்பூர், அறுவைப் பயிற்சி மருத்துவர்:

ஐயா, கடைசி வரியைக் கையேட்டின் முகப்பிலேயே போடலாம். ஆனால் வார்டில் ‘உழைப்பேணல்’ என்றால் பாட்டிமார் உழைப்பு, வேலை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு வேண்டிய இடம் இது. பெருங்குடலைப் புற்றுக்கட்டி அடைத்திருக்கிறது, எடுக்க முடியாத நிலை. வயிற்றில் துளையிட்டு, மலம் பைக்குள் இறங்க வழி செய்கிறோம். உப்பசமும் வாந்தியும் குறையும். வெளியே வந்ததும் மகன் கேட்பது, “கட்டிய எடுத்தாச்சா டாக்டர்?” எடுக்கவில்லை, ஆனால் வீணாகவும் அறுக்கவில்லை என்பதை ஒரே சொல் உணர்த்த வேண்டும். ‘தணிப்பு அறுவை’ உணர்த்துகிறது. காய்ச்சல் தணிந்தது, தாகம் தணிந்தது என்கிறோம். 948ஆம் குறளிலும் ‘அதுதணிக்கும் வாய்நாடி’ என்று வருகிறது.

அந்த மகனிடம் அறுவைக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். கெட்ட செய்தி சொல்வதற்கென 2000இல் வெளியான ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையிலும், நாம் சொல்லும் முன் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கச் சொல்கிறார்கள். கத்தி பிடிக்கக் கற்பிக்கிற அக்கறையோடு இதையும் கற்பிக்க வேண்டும்.

பினாங்கு, தாதி:

‘பேலியேட்டிவ்’ என்ற சொல்லின் வேரான ‘பல்லியம்’ என்றால் இலத்தீனில் மேலங்கி. அதனால் ‘போர்வைக் கவனிப்பு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். வேண்டாம். நம் வீடுகளில் தலையோடு கால் போர்த்துவது யாரை என்று எல்லாருக்கும் தெரியும்.

‘பேலியேட்டிவ் கேர்’ என்று பெயர் வைத்த பால்ஃபர் மவுண்ட்டும் ஓர் அறுவை மருத்துவர்தான். சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் தொடங்கிய ஹாஸ்பிஸை, அதாவது தீராத நோயாளிகளைக் கடைசிவரை பேணும் இல்லத்தை, பார்த்துவிட்டு வந்து, 1975இல் கனடாவில் பிரெஞ்சு பேசும் மொன்றியாலில் ஒரு பிரிவைத் திறந்தார். பிரெஞ்சில் ‘ஹாஸ்பிஸ்’ ஏழைகள் விடுதியை நினைவூட்டியதால் வேறு சொல் தேடினார். நமக்கும் அதே பாடுதான்.

மலாயில் உள்ள ‘ரவாத்தான் பாலியாத்திஃப்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம் என்றால், முன்பாதியை யாராவது ‘பலி’ என்று படித்துவிடுவார்கள். நான் தணிப்புக்கு.

கோலாலம்பூர், மொழிபெயர்ப்பாளர்:

சரி, பெரும்பாலானோர் தணிப்புப் பக்கம். ‘தணிப்புப் பராமரிப்பு’, ‘தணிப்பு அறுவை’ என்று அனுப்புகிறேன். நடிப்பவர்களுக்கு எதிரே மருத்துவர் சொல்வது மட்டும் “வலி இல்லாம பார்த்துக்குவோம், விட்டுட்டுப் போகமாட்டோம்” என்றே இருக்கும்.

பினாங்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அனுப்புங்கள் அம்மா, நாள் இல்லை. ஆனால் என் மறுப்பு இருக்கட்டும். அந்தக் குறளில் தணிப்பது நோயை. அங்கே அதற்குத் தீர்ப்பது என்றே பொருள். தீராத நோய்க்கு அதைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. பராமரிப்பும் வடசொல்தான். ‘தணிப்புப் பேணல்’ என்றாவது மாற்ற முடியுமா?