ஓவியத்தில் ஆளைப் பார்ப்பது எப்படி? முகத்தைத் தாண்டி எதைக் கவனிப்பது?

ஜெலுத்தோங் வாசகி:
வணக்கம். படத்தில் ஆள் இருந்தால் கண் நேரே முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. “உயிரோட்டமா இருக்கு” என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? கை நீளமாகவோ இடுப்பு ஒடிந்தாற்போலவோ இருந்தால் அது பிழையா, வேண்டுமென்றே செய்ததா? சாமியறை ரவிவர்மா படம், பினாங்கு ஆர்மேனியன் தெருச் சுவரோவியம், பழைய வாரப்பத்திரிகைப் படங்கள் என்று கைக்கெட்டியதை வைத்தே சொன்னால் நல்லது. பாரிஸுக்கெல்லாம் இப்போதைக்குப் போக வழியில்லை.

தூக்குக்குண்டு:
முகத்தை விரலால் மறைத்துவிட்டுத் தொடங்குங்க. முதல் கேள்வி: உடம்பின் பாரம் எந்தக் காலில்?

கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல, கழுத்துக்குழியிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இறக்குங்க. கைப்பேசியின் ஓரத்தைச் செங்குத்தாகப் பிடித்தாலே போதும். ஒற்றைக்காலில் பாரம் போட்டு நிற்கிற உருவத்தில் அந்தக் கோடு தாங்கும் காலின் கணுக்காலருகே வந்து இறங்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் நடுவில் விழும். கால்களுக்கு வெளியே விழுந்தால் அந்த ஆள் நடக்கிறார், எதிலோ சாய்ந்திருக்கிறார், இல்லை விழப்போகிறார். மூன்றும் இல்லையென்றால் ஓவியர் கோட்டைவிட்டிருக்கிறார்.

அடுத்தது இடுப்பு. தாங்கும் பக்கம் இடுப்பு மேலேறும், ஈடுகட்ட அதே பக்கத் தோள் இறங்கும். செப்புத்திருமேனிகளின் திரிபங்கமும் (உடம்பு மூன்று இடத்தில் வளைந்து நிற்கிற நிலை) இதே கணக்குதான். இடுப்பை வளைத்துவிட்டுத் தோளை மட்டமாக விட்டால் நீங்கள் சொன்ன ‘ஒடிந்தாற்போல’ வந்துவிடும். மலிவான காலண்டர் படங்களில் இது ஏராளம்.

ரவிவர்மாவின் சகுந்தலையை எடுங்க, முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் படம். ஒரு கால் தரையில், மற்றது மடங்கித் தூக்கியிருக்கும், கை தோழியின் தோளில். தோழியை ஒரு தாளால் மறைத்துப் பாருங்க, நிலை தள்ளாடும். அந்தக் கை அழகுக்கு வைத்ததில்லை, உடம்பைத் தாங்குகிறது. பாதத்தைப் பார்க்கக் குனிய வேண்டிய தலை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. கதையே தெரியாதவருக்கும் முள் ஒரு பொய் என்று அங்கேயே விளங்கிவிடும். முகபாவம் அதற்கப்புறம்தான்.

அங்குலக்கணக்கு:
தூக்குக்குண்டு அண்ணன் சொன்னதோடு அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சி முதல் தாடை வரை ஒரு தலை. வளர்ந்தவர் ஏறக்குறைய 7½ தலை உயரம், வீரர்களுக்கும் நாயகிகளுக்கும் 8 வரை நீட்டுவார்கள். உடம்பின் பாதி தொப்புளில் இல்லை, தொடைகள் சேருமிடத்தில். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு அந்த மட்டத்துக்கும் விரல்நுனி நடுத்தொடைக்கும் வரும். கையை விரித்து முகத்தில் வைத்தால் தாடையிலிருந்து நெற்றி முடிவரை மூடும். பலர் கையைச் சிறிதாக வரைந்துவிடுவார்கள்.

சிற்ப சாஸ்திரத் தாளக்கணக்கை (சாமி சிலைகளுக்கான அளவுமுறை) இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். உத்தம தசதாளம் (பத்துத் தாளம்) 124 அங்குலம், நவதாளம் (ஒன்பது தாளம்) 108. அங்கே அலகு முகம், தலை அல்ல. பத்துத் தாளத்தைப் ‘பத்துத் தலை’ என்று படித்தால் சாமி கொக்காகிவிடும்.

குழந்தைக்குக் கணக்கே வேறு: ஒரு வயதில் சுமார் 4 தலை. கண்ணும் தலையின் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும், பெரியவருக்குச் சரிபாதியில். தவழும் கண்ணன் படங்கள் சில குட்டி மாமாவைப்போல் தோன்றுவது கண்ணை மேலே தூக்கி வைத்துவிடுவதால்.

பிழையா, வேண்டுமென்றா என்பதற்கு: அந்த மாற்றம் படத்தில் வேறெங்காவது எதிரொலிக்கிறதா பாருங்கள். பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் 1814-இல் வரைந்த ஒடாலிஸ்க் (அந்தப்புரப் பெண்) படத்தில் இருப்பவளுக்கு முதுகெலும்பில் மூன்று கணு கூடுதல் என்று குறை சொன்னார்கள். ஆனால் அந்த நீண்ட வளைவே கையிலும் திரும்ப வருகிறது. அது வேண்டுமென்றே எடுத்த முடிவு. ஒரு முழங்கை மட்டும் தனியாக நீண்டு கிடந்தால் பிழை.

மாநிறம்:
நிறத்தை யாரும் தொடவில்லையே. கருத்த தோலில் பரவி வரும் ஒளி குறைவு, மேற்பரப்பு மினுக்கம் மட்டும் வெள்ளைத் தோலில் உள்ள அதே அளவு. அதனால் நெற்றி, மூக்குத்தண்டு, தோள்முனையில் ஒளிப்புள்ளி கூர்மையாகத் தெரியும், திறந்தவெளியில் வானத்து நீலமும் அதில் ஏறும். பழுப்பில் வெள்ளையைக் கலந்து வெளிச்சமும் கறுப்பைக் கலந்து நிழலும் போட்டவர் படத்தில் தோல் சாம்பல் பூத்திருக்கும். தெரிந்தவர்கள் எரித்த அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் சேர்த்து இருட்டுவார்கள். விரல்கணுவும் முழங்கையும் அடர்ந்து, உள்ளங்கை வெளுத்து, அதில் ரேகை கருத்து இருக்கிறதா என்று பாருங்கள். தாடைக்கடியில் சேலையின் நிறம் லேசாக ஏறியிருந்தால் ஆள் கவனித்து வரைந்திருக்கிறார்.

ஆனால் இதையே பாத்திக் ஓவியத்தில் தேடாதீர்கள். பினாங்கின் சுவா தியான் தெங் வரைந்த தாயும் சேயும் துணியில் மெழுகு தடுத்துச் சாயம் ஏற்றியவை. சாயம் வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போகும், குழைத்து நிழல் போடுவது கடினம். அங்கே பார்க்க வேண்டியது உருவத்தின் புறக்கோடும், தாயும் சேயும் ஒரே வடிவமாகக் கலக்கிற இடமும்.

தொட்டெழுதும் பேனா:
பத்திரிகைப் படத்துக்குச் சுருக்கமாக. கோபுலு, மணியம், சில்பி மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடு எங்கே தடிக்கிறது, எங்கே அறுபடுகிறது என்று மட்டும் பாருங்க. நிழல்பக்கமும் பாரம் அழுந்தும் இடமும் தடிக்கும், வெளிச்சத்தில் மெலிந்து சில சமயம் காணாமலே போகும். மடங்கிய முழங்கையில் ஒரு கோடு இன்னொன்றின் மேலேறி நிற்கும். அந்தச் சின்னச் சந்திப்பில்தான் கை முன்னால் வருகிறது.

சேலை மடிப்பு தொங்குகிற இடத்திலிருந்தோ இழுபடுகிற இடத்திலிருந்தோதான் கிளம்பும்: தோள், இடுப்புச் செருகல், உட்கார்ந்தால் முழங்கால். மடிப்பெல்லாம் இணைகோடாக ஓடினால் உள்ளே உடம்பு இல்லை, கொடியில் காயும் துணிதான்.

ஜெலுத்தோங் வாசகி:
எல்லாருக்கும் நன்றி. ஆர்மேனியன் தெருச் சைக்கிள் பிள்ளைகளை விட்டுவிட்டீர்களே?

தூக்குக்குண்டு:
விடவில்லைங்க. 2012-இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்தது. பிள்ளைகள் சாயம், சைக்கிள் நிஜ இரும்பு. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை போங்க: சைக்கிளின் நிழல் இடம் மாறும், பிள்ளைகள்மேல் தீட்டிய நிழல் மாறாது. இரண்டும் எந்த நேரத்தில் ஒத்துப்போகின்றன, எப்போது பிள்ளைகள் சுவரோடு ஒட்டிப்போகிறார்கள் என்று பாருங்க. படம் எடுக்கிற கூட்டம் விலகினதும் ஐந்தாறு எட்டு வைத்துப் பின்னால் போய் நின்று அந்தக் கழுத்துக்குழிக் கோட்டையும் ஒருதரம் இறக்கிடுங்க. அங்கே பாரம் காலில் இல்லை, இருக்கையில்.