மாடியில் கரி அடுப்புக் கோழி: வெளியே கருகல், எலும்போரம் பச்சை. தப்பு எங்கே?

அஸ்தம்பட்டி_மாடி:
பாதி டிரம்மில் செஞ்ச அடுப்பு, மேலே கம்பி வலை. தோலோட லெக் பீஸ் 1 கிலோ. தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, கொஞ்சம் சர்க்கரை தடவி ராத்திரி முழுக்க ஊற வெச்சது. 10 நிமிஷத்துல வெளியே கருப்பு, எலும்போரம் சிவப்பு. லேசா மண்ணெண்ணெய் வாடை வேற. அடுத்த வாரம் ஏற்காட்டுல பத்து பேருக்குச் செய்யணும். குக்கர்ல ஒரு விசில் விட்டுட்டுச் சுடலாமா?

கரித்தூள்:
குக்கர் வேண்டாங்க, சாறெல்லாம் தண்ணிக்குப் போயிடும். தப்பு தீயிலதான். டிரம் முழுக்கக் கரியைப் பரப்பியிருப்பீங்க. கரியை ஒரு பாதியில மட்டும் குவிங்க, மறுபாதி காலியா இருக்கட்டும். கறியை முதல்ல காலிப் பக்கம் தோல் மேலே பார்க்க வெச்சு, பெரிய அலுமினிய சட்டியால கவிழ்த்து மூடுங்க. புகை போக ஒரு ஓரம் விரல் அளவு தூக்கியிருக்கணும். 35 முதல் 45 நிமிஷம், நடுவுல ஒரு தடவை திருப்பினா போதும். கடைசியா தணலுக்கு நேர் மேலே பக்கத்துக்கு 2 நிமிஷம், தோல் மொறுமொறுப்புக்கு. கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பினா கறியை நகர்த்துங்க. தண்ணி தெளிச்சா சாம்பல் பறந்து கறி மேலதான் உட்காரும்.

பத்த வைக்க மண்ணெண்ணெயே கூடாது. கரி அதைக் குடிச்சு வெச்சுக்கிட்டு, மூடி போட்டதும் கறிக்குக் கொடுத்துடும். 5 லிட்டர் எண்ணெய் டின்னை ரெண்டு பக்கமும் வெட்டி, அடியில சுத்தி ஓட்டை போடுங்க. கீழே சமையல் எண்ணெய் தடவின நியூஸ் பேப்பர், மேலே கரி. 20 நிமிஷத்துல மேல் கரியும் நீறு பூத்துடும். அதுக்கு முன்னாடி கறியை வெச்சா புகை கசக்கும்.

செவ்வாய்பேட்டைக்காரி:
அடுப்பு பத்தி அண்ணன் சொன்னது சரி. மசாலாவுலயும் கோளாறு இருக்கு. சர்க்கரை சீக்கிரம் கருகும், எடுத்துடுங்க. தயிரை 2 மணி நேரம் துணியில கட்டித் தொங்க விடுங்க. தண்ணித் தயிர் கறியில பிடிக்காம வழிஞ்சு தணல்ல சொட்டும்.

கிலோவுக்கு உப்பு 15 கிராம். எலும்பு வரைக்கும் ரெண்டு கீறல் போட்டு, உப்பும் எலுமிச்சைச் சாறும் தேய்ச்சு அரை மணி நேரம் வைங்க. அப்புறம் கட்டித் தயிர் 100 கிராம், இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, இடிச்ச மிளகு 1 டீஸ்பூன். ஏற்காட்டு மிளகு கிடைச்சா அங்கேயே இடிச்சுக்குங்க, வாசனையே தனி. 4 மணி நேரம் போதும். மேலே தடவறதுக்கு மசாலாவைத் தனியா முன்னாடியே எடுத்து வைங்க. பச்சைக் கறி ஊறின மிச்சத்தைக் கடைசியில பூசக் கூடாது.

மலைக்காத்து:
எலும்போரச் சிவப்பை மட்டும் வெச்சு பச்சைன்னு முடிவு பண்ணாதீங்க. பிராய்லர் இளங்கோழி, மஜ்ஜை நிறம் வெந்த பிறகும் தெரியும். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் வாங்குங்க. எலும்பைத் தொடாம, சதை தடிச்ச இடத்துல 74 டிகிரி செல்சியஸ் காட்டினா வெந்தாச்சு. ஆனா தொடைக்கு 80 தாண்டினாதான் ஜவ்வு இளகும்.

ஏற்காட்டுல பனி இறங்கினா கரி ஈரம் இழுக்கும், பத்த வைக்கும்போது சடசடன்னு தெறிக்கும். மூட்டையை பிளாஸ்டிக்ல கட்டிக் கொண்டு போங்க. புகை வாசனைக்கு நல்லா காஞ்ச கொய்யா இல்லை காப்பிக் கட்டை, முஷ்டி அளவு ரெண்டு துண்டு தணல் மேல. ஊற வைக்காதீங்க, வெறும் ஆவிதான் வரும். தைலமரம் ஆகாது. அரளிக் குச்சி விஷம், குத்தி வாட்டக்கூட எடுக்காதீங்க.

முக்கியமா, குளிருதுன்னு தணலோட அடுப்பை ரூமுக்குள்ளயோ கண்ணாடி மூடின வராண்டாவுக்கோ கொண்டு போகாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.

அஸ்தம்பட்டி_மாடி:
நன்றிங்க. பத்து பீஸ் ஒரே ஈடா போடலாமா? பாதி பேர் மட்டன் கேக்குறாங்க.

கரித்தூள்:
காலிப் பக்கம் அஞ்சாறு பீஸ்தான் நெருக்கமில்லாம பிடிக்கும், ரெண்டு ஈடா போடுங்க. முதல் ஈடு முடிய 20 நிமிஷம் இருக்கும்போதே டின்ல அடுத்த கரியைப் பத்த வெச்சுடுங்க. மட்டன்னா எலும்பில்லாத வெள்ளாட்டுத் தொடை, ஒரு அங்குலத் துண்டு. கிலோவுக்குப் பச்சைப் பப்பாளி விழுது 1 மேசைக்கரண்டி, ரெண்டு மணி நேரம். ராத்திரி முழுக்க விட்டா கம்பியில குத்தும்போதே கொழகொழன்னு உதிரும்.