ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கியிருந்தும் எங்கள் வீட்டுப் போட்டோக்கள் போன கதை

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

புது கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பெயர் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

2019 டிசம்பரில் குடும்பத்தோடு திருக்கடையூர் போய் தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் எண்பதாம் கல்யாணம் செய்துவிட்டு வந்தோம். போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு கேமரா கார்டைக் காலி பண்ணியாயிற்று. அந்தக் கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தது, இன்னும் ஏழு மாதம் வேலிடிட்டி வேறு. அதனால் யாருக்கும் பயமே இல்லை.

அக்கா பையன் எல்லா வீடியோவையும் வெட்டி ஒட்டி ஒரு படமாகச் செய்து தாத்தாவுக்குக் காட்ட ஆசைப்பட்டான். நல்ல ஆசைதான். எடிட்டிங் சாஃப்ட்வேரை விலை கொடுத்து வாங்க முடியாது என்று கிராக் செய்த, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி ஒன்றை எங்கிருந்தோ இறக்கினான். கூடவே வந்த குறிப்பில் முதல் வரியே "நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்" என்பதுதான். ஆன்டிவைரஸ் இரண்டு தடவை சிவப்புக் கட்டம் காட்டியிருக்கிறது. கிராக் என்றால் அது அப்படித்தான் கத்தும் என்று நண்பர்கள் சொல்லி வைத்திருந்ததால் அணைத்துவிட்டு இன்ஸ்டால் பண்ணிவிட்டான்.

சாயங்காலம் பார்த்தால் ஒரு போட்டோவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் தெரியாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மி' என்று ஒரு கடிதம்: ஃபைல்களைத் திறக்கும் சாவிக்கு 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை 490 டாலர். அது ஸ்டாப், டிஜேவியு என்ற பெயர்களில் சொல்லப்படும் ரான்சம்வேர் வகை, அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் என்று பிறகுதான் தெரிந்தது. கிராக் சாஃப்ட்வேர் தேடும் வீட்டுக்காரர்களைப் பிடிப்பதுதான் அதன் தொழிலே.

அதற்கு எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் இலவசமாக ஒரு மீட்புக் கருவி வெளியிட்டிருந்தது. இரண்டு ராத்திரி தூங்காமல் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வைரஸ் தன்னை அனுப்பியவர்களின் சர்வரோடு பேச முடியாத நேரத்தில், தன்னுள்ளேயே இருக்கும், பலருக்கும் ஒரே மாதிரியான சாவியால் பூட்டியிருந்தால் மீட்க வாய்ப்பு உண்டு. சர்வரிலிருந்து நமக்கென்று தனிச் சாவி வாங்கிப் பூட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எங்களுடையது இரண்டாவது. பணமும் கட்டவில்லை, கட்டினாலும் திரும்ப வரும் என்று யார் உத்தரவாதம் தருவது. கடைசியில் மிஞ்சியது வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருந்த அறுபது சொச்சம் படங்கள், அதுவும் அளவு சுருங்கிப்போனவை. தாத்தா 2021இல் போய்விட்டார். அவர் மாலையோடு சிரிக்கிற ஒரு வீடியோ இருந்தது, அது இப்போது எங்களிடம் இல்லை.

இதில் ஆன்டிவைரஸைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அது தன் வேலையைச் செய்தது, அணைத்தது நாங்கள். அதனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒரிஜினல் விண்டோஸ் வைத்திருந்து, கிராக் எதையும் தொடாமல், போட்டோக்களுக்கு இன்னொரு பிரதி வைத்திருக்கும் வீட்டுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். விண்டோஸ் 8இலிருந்து அது முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே வருகிறது, தனியாகக் காசு கிடையாது. நம்பிக்கை வரவில்லை என்றால் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வுக்கூடங்கள் வெளியிடும் முடிவுகளைப் பாருங்கள். ஏவி-டெஸ்ட்டில் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண், மொத்தம் 18. டிஃபெண்டர் பல வருடமாக விலை கொடுத்து வாங்குகிறவற்றோடு சேர்ந்து மேல்வரிசையில்தான் இருக்கிறது. விளம்பரத்தைப் பார்ப்பதை விட அந்தப் பட்டியலைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

டிஃபெண்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்காமல் செய்யுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் என்ற இடத்துக்குப் போனால் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், பொதுவாக அணைந்தே இருக்கும். அதைப் போட்டுவிட்டால் முன்பின் தெரியாத புரோகிராம் எதுவும் உங்கள் போட்டோ ஃபோல்டரில் கை வைக்க முடியாது. சில சமயம் நாம் பயன்படுத்தும் நல்ல புரோகிராமையும் தடுக்கும், அப்போது அதற்கு மட்டும் அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டவே வேண்டாம், இரண்டும் ஒரே ஃபைலைப் பிடித்து இழுத்து கம்ப்யூட்டரை நகரவிடாமல் செய்துவிடும். புது லேப்டாப்போடு மாதக்கணக்கில் இலவசம் என்று வருவதை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றால் முழுசாக நீக்கிவிடுங்கள்.

வில்லியனூர் ஜெராக்ஸ் (புதுச்சேரி)

அண்ணே, படிக்கும்போதே கஷ்டமாக இருந்தது. ஆனால் டிஃபெண்டரே எல்லாருக்கும் போதும் என்பதை நான் முழுசாக ஏற்கமாட்டேன். என் கடையில் ஒரு நாளைக்கு ஐம்பது பென்டிரைவ் செருகுவோம். காலேஜ் பிள்ளைகள் புராஜெக்ட், வேலைக்கு அப்ளிகேஷன் போடுகிறவர்கள், கல்யாணப் பத்திரிகை டிசைன், எல்லாம் பென்டிரைவில்தான் வரும். பாதியில் ஷார்ட்கட் வைரஸ் இருக்கும். எனக்கு பென்டிரைவ் செருகிய உடனே தானாக ஸ்கேன் பண்ணுகிற ஒன்று வேண்டும், அதனால் காசு கொடுத்துத்தான் வாங்கி வைத்திருக்கிறேன். சென்னை கம்பெனி கே7, புனே கம்பெனி குவிக் ஹீல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன், பென்டிரைவ் விஷயத்தில் இரண்டுமே எனக்குக் கை கொடுத்தன.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பென்டிரைவில் உங்கள் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் ஃபைல் போய்விட்டது என்று நினைத்து ஃபார்மட் போட்டுவிடாதீர்கள். ஒரு பெண் பிஎச்டி ஆய்வேட்டை அப்படி ஃபார்மட் போட்டுவிட்டு என் கடை வாசலில் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. வைரஸ் பெரும்பாலும் உண்மையான ஃபைல்களை மறைத்துத்தான் வைக்கும், அழிக்காது. முதலில் ஸ்கேன் செய்து வைரஸை எடுத்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்டில் 'அட்ரிப்' (attrib) என்ற கட்டளையால் மறைப்பை நீக்கினால் எல்லாம் திரும்பத் தெரியும். செய்யத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள், அதுவரை அந்த ஷார்ட்கட் எதையும் கிளிக் பண்ணக் கூடாது. விண்டோஸ் 7 வந்த பிறகு பென்டிரைவில் இருப்பது தானாக ஓடுவது நின்றுவிட்டது. அதனால்தான் இந்த வைரஸ்கள் ஃபோல்டர் வேஷம் போட்டு நம் கையாலேயே கிளிக் பண்ண வைக்கின்றன.

லாஸ்பேட்டை அக்கா (புதுச்சேரி)

எங்கள் வீட்டில் வைரஸே இல்லாமல் ஆன்டிவைரஸ் பெயரிலேயே ஏமாற்றப் பார்த்தார்கள். அப்பா ரிட்டயர்டு, தினமும் காலையில் பேப்பர் படிக்கத்தான் கம்ப்யூட்டரைத் திறப்பார். ஒரு நாள் திரை முழுக்க நீலமாகி, "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கத்தியிருக்கிறது. அப்பா பயந்துபோய்ப் போன் பண்ணிவிட்டார். எதிர்முனையில் இருந்தவன் மரியாதையாகப் பேசி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்குகிற ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, ஐந்து வருட ஆன்டிவைரஸுக்கு எட்டாயிரம் ரூபாய் என்று நெட் பேங்கிங் பக்கம் வரை கொண்டுவந்துவிட்டான். நல்ல வேளை, தம்பி மனைவி உள்ளே வந்து மோடம் ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

அது வெறும் வெப்சைட்டாம், எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடித்தாலோ பிரவுசரை மூடினாலோ போய்விடுமாம். அப்பா ரொம்ப நாள் அவமானமாக இருந்தார், யாரிடமும் சொல்லாதே என்றார். ஆனால் இதை மறைத்தால் அடுத்த வீட்டு அப்பா ஏமாறுவார் என்றுதான் எழுதுகிறேன். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடியுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். அப்பாவின் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10, பழசு, 11 ஏறாது என்கிறது. நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று வாங்கிப் போட்டால் அப்படியே ஓட்டலாமா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

வில்லியனூர் தம்பி சொன்னது சரி, ஊர் பென்டிரைவ் எல்லாம் நுழைகிற கம்ப்யூட்டருக்குக் கணக்கே வேறு. நான் வீட்டை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன்.

அக்கா, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. ஆன்டிவைரஸ் என்பது வாசலில் நிற்கும் காவல்காரர், சுவரில் ஓட்டை விழுந்தால் அவரால் அடைக்க முடியாது, அதை அப்டேட்தான் அடைக்கும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டியபோது அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாமல் விட்டவர்களும் பழைய விண்டோஸ்காரர்களும்தான் மாட்டினார்கள். அதனால் முதலில் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கம் போய், கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்கான இஎஸ்யு திட்டத்தில் அப்பாவின் கம்ப்யூட்டரைச் சேர்த்துவிடுங்கள், 2026 அக்டோபர் வரை தாங்கும். அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து வேறு கம்ப்யூட்டர் பார்க்கலாம். பேப்பர் படிக்க மட்டும் என்றால் அதே கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தாலும் அப்பா பழகிவிடுவார், என் மாமனார் பழகினார்.

இலவசம் என்று பார்த்து எதையாவது இறக்காதீர்கள் அக்கா. பிரபலமான இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் மேலேயே, பயனர்கள் எந்த வெப்சைட் பார்க்கிறார்கள் என்ற தகவலை விற்றதாகப் புகார் எழுந்து, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது.

போட்டோவுக்கு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குங்கள். காப்பி பண்ணியதும் கழற்றிவிட வேண்டும், செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம்.

லாஸ்பேட்டை அக்கா (புதுச்சேரி)

இஎஸ்யுவில் சேர்த்தாயிற்று தம்பி. ஹார்டு டிஸ்க்கும் வாங்கி, அம்மா அப்பா கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் பண்ணியது முதல் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். முதல் மாடியில் இருக்கிற தம்பி வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். அப்பா இப்போது அந்த நீலத் திரை கதையைப் பார்க்கில் வாக்கிங் வருகிறவர்களிடம் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.