மறு: டிஸ்இம்பாக்‌ஷன்: ‘இறுகுமல நீக்கம்’ பொருந்துமா?

> ‘மலச்சிக்கல் நீக்கம்’ என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் விளங்கும்.

வணக்கம் ஐயா.

மலக்குடலில் இறுகி அடைத்த மலத்தை வெளியேற்றும் சிகிச்சையே டிஸ்இம்பாக்‌ஷன். அதற்கு நான் ‘இறுகுமல நீக்கம்’ என்றேன், நீங்கள் ‘மலச்சிக்கல் நீக்கம்’ என்கிறீர்கள். அது விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். கோலாலம்பூரில் குழந்தைகள் வார்டில் தாதியாக இருக்கிறேன். செந்தூல், பத்துமலைப் பக்கமிருந்து வரும் தாய்மாரிடம் இந்தச் சிகிச்சையைத் தமிழில் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் எனக்குத்தான். “மலச்சிக்கல் நீங்கிவிட்டது” என்று காதில் விழுந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு அதே பிள்ளை அதே உப்பிய வயிற்றோடு திரும்பி வருகிறது.

அங்கே நீங்குவது சிக்கல் அன்று, மலக்குடலில் கல்லாய்க் கிடக்கும் மலம் மட்டுமே. ஒருமுறை வலித்ததால் பிள்ளை அடக்குகிறது. அடக்க அடக்கப் பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சுகிறது. மலம் பெருத்து இறுகுகிறது, மலக்குடல் விரிந்து உணர்வு மழுங்குகிறது. அதனால்தான் ‘இறுகுமலம்’ என்கிறேன். வினைத்தொகை: இறுகிய, இறுகுகின்ற, இறுகும் மலம் மூன்றும் அதில் உண்டு. நோயின் போக்கும் அதுவே.

நம் குழுவில் ஈப்போ அம்மா இதற்குத் தந்த ‘மலத்தேக்கம்’ நல்ல சொல். ஆனால் தேங்குவது இளகியும் இருக்கலாமே. பிள்ளை அடக்கிவைக்கும் நிலைக்கு அதை ஒதுக்கலாம். ‘கட்டுடைப்பு’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் அது இலக்கியத் திறனாய்வுக்குப் போய்விட்டது. மேலும், இங்கே முதலில் செய்வது உடைப்பதன்று, நீரேற்றி இளக்குவது.

ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடலியல் சங்கங்கள் 2014இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, மேக்ரோகோல் என்னும் மலமிளக்கியை எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை, 3 முதல் 6 நாள் வாய்வழி தரச் சொல்கிறது. அது கிடைக்காவிட்டால் எனிமா, அதாவது ஆசனவாய் வழியே மருந்து நீர் செலுத்துவது. ஏற்கெனவே ஆசனவாயில் வலி கண்டு பயந்த பிள்ளைக்கு எனிமா எவ்வளவு கொடுமை என்று வார்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். குடிக்கவே மறுக்கும் பிள்ளைக்கு மூக்குக் குழாய் வழியே மருந்து போகும். எதற்கும் அசையாவிட்டால் மயக்கமருந்து கொடுத்துக் கையால் எடுப்பார்கள். இந்தக் கடைசி வழியும் அடங்க வேண்டும் என்பதால்தான் ‘இறுகுமல இளக்கம்’ என்னாமல் ‘இறுகுமல நீக்கம்’ என்றேன்.

அடுத்த கட்டத்துக்குத் தனிப்பெயர் இல்லாவிட்டால் முதல் கட்டத்துக்குப் பெயர் வைத்தும் பயனில்லை. நீக்கிய பின் குறைந்தது 2 மாதம் மருந்து தொடர வேண்டும். அறிகுறிகள் எல்லாம் மறைந்து ஒரு மாதமாவது ஆன பிறகே, சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். ‘தொடர்மருந்து’ என்று எழுதிப்பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இறுகிய மலத்தின் ஓரமாக இளகியது வழிந்து உள்ளாடையை நனைக்கும். “வயித்தால போகுது மிஸ்ஸி” என்பார்கள். பேதி என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்திருப்பார்கள். வேண்டுமென்றே செய்கிறான் என்று அடித்திருப்பார்கள். பிள்ளைக்கோ அது வெளியேறுவதே தெரியாது. இதைக் ‘கசிமலம்’ என்று, இறுகுமலத்துக்கு இணையாக வைக்கலாம். வீட்டுக்குக் கொடுக்கும் தாளில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தால், ஒன்றால்தான் மற்றது என்று தாய்க்குச் சொல்வது எளிது.

‘தொடர்மருந்து’ என்பதை நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றி எழுதுவோர் வேறு பொருளில் ஆள்கிறார்களா? பினாங்கு நண்பர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படியானால் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிடலாம்.